நாலு நாற்பது வண்டி

"என் மனைவி என்னை விட்டுட்டுப் போக இருந்தாளா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

சொல்லிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவசரம் ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்தில் முப்பது வருடமாக டைம்கீப்பர் வேலை. வண்டி வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் குறித்துக் குறித்து, மணி பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டிருந்தது.

எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் மேடம். ஒன்றில் வருகிறவர்கள். மூன்றாவதில் சாய்ந்தால் தரையில் கிடக்க வேண்டியதுதான், அது எனக்கு.

"போக இருந்தாங்களான்னு அவங்களையே கேட்டுடலாமே சார்? எங்களுக்கு எதுக்கு தண்டச் செலவு?" என்றேன்.

"செத்துப்போயிட்டாம்மா. இன்னியோட பத்தொம்பது நாள்."

நான் நோட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மேடம் என்னைக் கூப்பிடுவது 'வாயாடி' என்று. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பொருத்தம் என்பது இப்படிப்பட்ட நேரங்களில்தான் தெரியவருகிறது.

மேடம் என்னைக் கண்டிக்கவில்லை. அது இன்னும் மோசம். "மெதுவா சொல்லுங்க" என்றார் அவரிடம்.

அவர் மெதுவாகச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். மனைவி மர்ம நாவல் எழுதுகிறவர். மாதம் ஒரு பாக்கெட் நாவல் என்று இருபத்தாறு வருடம். இதயக் கோளாறு. கடைசி வாரம் மருத்துவமனைக்குப் போக மறுத்து, எழுதும் மேஜைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு மதியம் நடக்கவில்லை.

"புத்தகம் எழுதினா முதல் அத்தியாயத்தை மட்டும் என்கிட்ட குடுப்பா. யார் பண்ணினது, கண்டுபிடிங்க பாப்போம்னு சொல்லுவா. இருபத்தாறு வருஷமா நான் சொன்னது எல்லாமே தப்பு."

"ஒரு தடவைகூட சரியா வரலையா?" இதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒரு தடவை சரியா சொன்னேன். மறுநாள் அவ முடிவை மாத்திட்டா."

அவர் உதடு சிரிக்கப் பார்த்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு, காலடியில் வைத்திருந்த பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பச்சைத் துணிப் பை, பழையது. அதன்மேல் நாலைந்து டைப் அடித்த தாள்கள்.

"இந்தப் பை பீரோ மேல, பெட்டிக்குப் பின்னாடி இருந்துச்சு. அவ போன மூணாம் நாள் கண்ணுல பட்டுது. இந்தத் தாள் பதிப்பாளர் அனுப்பினது. அவளோட கடைசி நாவல். ஒரே ஒரு அத்தியாயம்தான் இருக்கு. படிச்சுப் பாருங்க."

மேடம் என்னிடம் நீட்டினார். சத்தமாகப் படிப்பது என் வேலை. நீளமான அத்தியாயம் இல்லை. தொழிற்சாலைக் காவலாளி ஒருவன் இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்புகிறான். கேஸுக்கு வேண்டிய இடத்தை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

'மணி ஆறு. கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. ஆணியில் எப்போதும் தொங்கும் பச்சைப் பை இல்லை. மேஜைமேல் கோப்பையில் டீ, தட்டு போட்டு மூடி. கோப்பைக்கு அடியில் ஒரு சீட்டு. எடுத்துப் படித்தான். சாயங்காலம் நாலு நாற்பது வண்டியில் போகிறேன். தேட வேண்டாம். அவன் மறுபடி படித்தான். பிறகு தட்டை எடுத்துவிட்டுக் கோப்பையைத் தொட்டான். டீ ஆறிப்போயிருந்தது.'

"நாலு நாற்பது வண்டி, எங்க நிலையத்திலிருந்து புறப்படற வண்டி. அவ கூடப்பிறந்த அக்கா இருக்கற ஊருக்குப் போறது. பச்சைப் பை இதோ இருக்கு. காவலாளின்னு எழுதினா அது நான்தான்னு எனக்குத் தெரியாதா?" என்றார் டைம்கீப்பர்.

மேடம் பையைத் திறந்தார். இரண்டு நாளைக்கான உடுப்பு. ஒரு துண்டு. சீப்பு. அடியில் ஒரு தகர டப்பா. உள்ளே கலர் பென்சில்கள், சீவிச் சீவிக் கட்டைவிரல் நீளத்துக்கு வந்தவை.

"இது?"

"பையனோடது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். ஒன்பது வயசுல காய்ச்சல் வந்து போயிட்டான். எட்டு வருஷமாச்சு."

மேடம் டப்பாவை மூடினார். சத்தம் வராமல் மூடினார். பிறகு உடுப்பை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மடித்த இடங்களில் எல்லாம் சாயம் வெளுத்து, கோடு கோடாகத் தெரிந்தது.

"இதை அவங்க கடைசியா எப்போ உடுத்தினாங்க?"

"ஞாபகம் இல்ல."

"வீட்ல அவங்களுக்கு இந்தப் பை இல்லாம ஏதாவது சிரமம் வந்துச்சா? புதுப் பை வாங்கினாங்களா?"

"ஞாபகம் இல்லியேம்மா."

"சரி. இந்த அத்தியாயத்தை அவங்க கைப்பட எழுதின தாள் எங்க?"

"பதிப்பாளர் துக்கத்துக்கு வந்தப்போ மேஜைமேல இருந்துச்சுன்னு எடுத்துட்டுப் போயிட்டார்."

"நீங்க அதைப் படிக்கலையா?"

"அன்னிக்கு நான் எதைப் படிக்கிற நிலைமையில இருந்தேன்? டைப் அடிச்சு வந்ததுக்கு அப்புறம்தான் படிச்சேன்." எழுந்து நின்றார். "நாளைக்கு அச்சுக்குப் போகுதாம். வாசகர்களே முடிவு எழுதுங்கள்னு போட்டியாம். எங்க நிலையத்துல டிரைவர், கண்டக்டர் எல்லாரும் அவ நாவலைப் படிக்கிறவங்கதான். அவங்க எல்லாரும் முடிவு எழுதறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். ரெண்டு மணிக்கு டியூட்டி. அங்கதான் இருப்பேன்."

அவர் போன பிறகு நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "மேடம், எனக்குத் தோணறதைச் சொல்லட்டுமா? தப்பா இருக்கலாம். பை இருக்கு, சீட்டு இருக்கு, வண்டி இருக்கு. அவர் பயப்படறது சரின்னுதான் படுது."

"எல்லாமே ஒரே பக்கம் கை காட்டுதே, அது உனக்கு உறுத்தலையா? கதை எழுதறவங்க எப்பவும் கை காட்டற பக்கம் நடக்கமாட்டாங்க. கிளம்பு. கையெழுத்துத் தாள் வேணும்."

*

பதிப்பாளரின் அலுவலகம் ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்தது. படியின் இரண்டு பக்கமும் விற்காத புத்தகக் கட்டுகள். ஏறும்போது கதாசிரியர்களின் தோளை உரசிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"துப்பறியும் ஆளா? நிஜமாவா?" பதிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். "துப்பறியும் நாவல் நூத்துக்கணக்குல போட்டிருக்கேன், ஒரு ஆளைக்கூட நேர்ல பாத்ததில்ல. தொப்பி எல்லாம் கிடையாதா?"

"துவைக்கப் போட்டிருக்கு" என்றேன்.

மேடம் உட்கார்ந்தார். "அந்தம்மாவோட கடைசி அத்தியாயம்..."

"முதல் அத்தியாயம்" என்று திருத்தினார் அவர். "கடைசி அத்தியாயம் எழுதாமப் போனதுதானே பிரச்சினை! பாருங்க, ஒரு புத்தகம் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மூணாவது பக்கத்துக்குள்ள ஒரு பொணம். அஞ்சாவது பக்கத்துல ஒரு போன். எடுத்தா மறுமுனையில் யாரும் பேசக்கூடாது. அத்தியாயம் முடியறப்போ கதவு திறக்கணும், யாருன்னு சொல்லக்கூடாது. இதை அந்தம்மாகிட்ட எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? கேக்கவே மாட்டாங்க. அவங்க கதையில பொணமே விழாது. ஒரு சாவி இருக்காது. ஒரு குடை வேற வீட்ல இருக்கும். அவ்வளவுதான். ஆனா வாங்கினவன் கீழ வைக்கமாட்டான். ஏன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மேஜை ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூடு. பெண்கள் போடும் மூக்குக்கண்ணாடிக்கானது. அந்த அம்மா மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார், திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.

"முடிவு நீங்க யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"நானா? புருஷன்தான் கொன்னுட்டான். சீட்டு அவனே எழுதினது. வாசகர்கள்ல முக்கால்வாசிப் பேர் இதைத்தான் எழுதுவாங்க, பந்தயம்."

எனக்கு டைம்கீப்பரின் முகம் நினைவுக்கு வந்தது. வண்டிக்காரர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து அவருடைய மனைவியை அவர் எப்படிக் கொன்றார் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

"அவங்க எழுதினதை அப்படியே அச்சுக்குக் குடுத்தீங்களா?"

"ஒரு எழுத்து மாத்தல." நெஞ்சில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார். "ஒரே ஒரு இடம். அது தப்பு. பாவம், உடம்பு முடியாத நேரம், கவனிக்கல. புத்தகத்துல வந்தா அவங்க பேரு கெட்டுடும்னு நானே சரி பண்ணிட்டேன்."

"எந்த இடம்?"

"அந்த டீ. டீ சூடாக இருந்ததுன்னு எழுதியிருந்தாங்க. நீங்களே சொல்லுங்க. முந்தின நாள் சாயங்காலம் நாலு நாற்பதுக்குப் போனவ வெச்ச டீ, மறுநாள் காலைல ஆறு மணிக்கு சூடா இருக்குமா? ஆறிப்போயிருந்ததுன்னு மாத்தினேன். சின்ன விஷயம்."

மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரிடம் நாலு வருட அனுபவம். அவர் இவ்வளவு அசையாமல் இருந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நானும் பேனாவை நிறுத்திக்கொண்டேன்.

"அந்தத் தாள் இப்போ எங்க இருக்கு?"

"டைப் அடிக்கிற பொண்ணுகிட்ட. ரெண்டு தெரு தள்ளி, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாடி." படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "தங்கச்சி! உங்க கேஸ் ஏதாவது சுவாரசியமா இருந்தா எழுதிக் குடேன். மூணாவது பக்கத்துக்குள்ள பொணம், மறந்துடாதே!"

*

டைப் அடிக்கிற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கடை என்பது ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஜன்னலில் அவளுடைய மகளின் பள்ளிச் சீருடை, காய்வதற்காக. எங்களிடம் பேசிக்கொண்டே அவள் விரல்கள் யாருடைய திருமண அழைப்பிதழையோ அடித்துக்கொண்டிருந்தன.

"அம்மாவோட தாளா? தரமாட்டேன். பதிப்பாளர் கேட்டாலும் தரமாட்டேன். பன்னெண்டு வருஷமா அவங்க எழுத்தை அடிக்கிறேன். இது என்கிட்ட இருக்கட்டும்."

"எடுத்துட்டுப் போக வரல. பாக்கத்தான் வந்தோம்" என்றார் மேடம். "அதுல டீ சூடா இருந்துச்சாமே."

விரல்கள் நின்றன.

"அதை நான் மாத்தலீங்க. அவர்தான் பக்கத்துல நின்னு மாத்தச் சொன்னார். வேணாம் சார், அம்மாகிட்ட எது தப்பு மாதிரி தெரியுதோ அங்கதான் விஷயம் இருக்கும்னு சொன்னேன். கேட்டாதானே? தினமும் தலையில எண்ணெய் வெச்சிட்டு வர்ற மனுஷன், உள்ள எதுவும் இறங்கலை."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்தாள்.

"ஆரம்பத்துல நானும் அவங்களைக் கேட்டிருக்கேன். எப்படிம்மா முதல் அத்தியாயத்துலயே இப்படிக் கட்டிப்போட்டுடறீங்கன்னு. அம்மா சொன்னாங்க, ரெண்டு கேள்வி வைக்கணும்டி. ஒண்ணு சத்தமா, ஒண்ணு மெதுவா. படிக்கிறவன் சத்தம் வந்த பக்கம் ஓடிடுவான். புத்தகம் கடைசியில பதில் சொல்றது மெதுவா கேட்ட கேள்விக்குத்தான். அதனால முதல் அத்தியாயத்தை அவங்க கடைசியாத்தான் எழுதுவாங்க. பதில் தெரிஞ்சாதானே கேள்வியை ஒளிச்சு வைக்க முடியும்? என்கிட்ட எப்பவும் ரெண்டாம் அத்தியாயத்திலிருந்து வரும். கடைசியா ஒருநாள் முதல் அத்தியாயம் வரும். அது வந்துட்டா புத்தகம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"இதுக்கு மீதி வரலையா?"

"வரவே இல்ல. அதுதான் எனக்கும் புரியல."

உறையிலிருந்து ஏழு தாள்கள். மேடம் அவற்றை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். நீல மசி. வெளுத்து, ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. டீ வருகிற தாளில் மட்டும் ஒரு திருத்தம். 'ஆறிப்போயிருந்தது' என்பதன்மேல் ஒரே கோடு. மேலே, தடித்த கறுப்பு மசியில், நடுங்கிய எழுத்தில்: 'சூடாக இருந்தது.'

"நீல மசிப் பேனா எப்போ விட்டாங்க?"

"விரல் வீங்க ஆரம்பிச்சதும் விட்டுட்டாங்க. அஞ்சாறு வருஷம் இருக்கும். அப்புறம் எல்லாமே இந்தத் தடி கறுப்புப் பேனாதான். கடைசி மாசங்கள்ல கை இப்படித்தான் ஆடும்."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கொடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மேடம் கிண்டல்கூடச் செய்திருக்கிறார். இந்தத் தாள்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

எல்லாத் தாளின் பின்னாலும் கட்டம் போட்ட படிவம். வண்டி எண், டிரைவர் எண், வருகை, புறப்பாடு. கார்பன் நகல்.

"ஓ, அதுவா?" என்றாள் அவள். "மாசக்கடைசியில நிலையத்துல நகல் தாளைக் கழிச்சுடுவாங்களாம். அவங்க வீட்டுக்காரர் கட்டா கொண்டுவந்து குடுப்பார். அம்மா எழுதறது பூரா அதோட முதுகுலதான். நான் பின்பக்கம் பாக்கறதே இல்ல."

ஆறு தாள்களின் தேதிகள் முன்னும் பின்னுமாகக் கலந்திருந்தன. கைக்கு வந்ததை எடுத்து எழுதியதுபோல. எல்லாமே எட்டு வருடத்துக்கு முந்தியவை. டீ வருகிற தாளின் பின்னால் மட்டும், இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக இரண்டு டிக்.

"மேடம், இது ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம்..." என்று இழுத்தேன்.

மேடம் அந்த இரண்டு வரிகளையும் படித்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். நாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"இந்த ஒரு தாளை மட்டும் கடன் குடும்மா. சாயங்காலத்துக்குள்ள திரும்பி வரும். வாயாடி கொண்டுவந்து தருவா."

"ஆறு மணிக்கு எனக்கு மாலை வகுப்பு இருக்கு மேடம்."

"அதுக்குள்ளதான்."

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "அவருக்கா?" என்றாள். மேடம் தலையாட்டியதும் அந்தத் தாளை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

*

பஸ் நிலையத்தில் டைம்கீப்பரின் அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். முன்னால் கம்பி இல்லாத சின்ன ஜன்னல். வண்டிகள் அந்த ஜன்னலை ஒட்டி வந்து நிற்கும். டிரைவர் எட்டிக் கொடுக்கும் சீட்டில் இவர் நேரத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். நாங்கள் போனபோது மணி நாலு இருபத்தைந்து. உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார்.

மேடம் தாளை அவரிடம் கொடுத்தார். மனைவியின் எழுத்து இருக்கும் பக்கம் கீழேயும் கட்டம் போட்ட பக்கம் மேலேயுமாக.

"இது என் எழுத்து." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தேதியைப் பார்த்தார். "இது பையன் போன நாலாவது மாசம். அப்போ எல்லாம் ரெட்டை ஷிப்ட் பாத்தேன். மதியம் ரெண்டு மணிக்கு வந்தா மறுநாள் காலைலதான் வீடு."

"ஆள் பத்தலையா?"

"ஆள் இருந்தாங்க. நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்." தாளின் ஓரத்தை நீவினார். "வீட்ல அவன் கட்டில் இருந்துச்சும்மா. அவளும் பேசமாட்டா, நானும் பேசமாட்டேன். இங்கேன்னா வண்டி வந்துட்டே இருக்கும்."

அவர் விரல் கட்டங்களில் இறங்கி, முதல் பென்சில் டிக்கில் நின்றது.

"நாலு நாற்பது வண்டி. புறப்பாடு நாலு நாப்பத்திரண்டு." விரல் இன்னும் இறங்கியது. இரண்டாவது டிக். "அதே வண்டி. வருகை ஒன்பது முப்பத்தொண்ணு. இதுக்கு எதுக்கு டிக்? நான் டிக் போடறதில்லையே..."

டிக் போட்டது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

தாளைத் திருப்பினார். அடித்த வார்த்தையைப் பார்த்தார். மேலே எழுதிய வார்த்தையைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, என் முகத்தில் என்ன கண்டாரோ, பேசாமல் காத்திருந்தார். பிறகு தானாகக் கை நீண்டு சீட்டை வாங்கியது, நேரம் போட்டது, கொடுத்தது. அவர் தலை நிமிரவே இல்லை.

"இப்படித்தான்" என்றார் மேடத்திடம். "இப்பப் பாத்தீங்களே, இப்படித்தான். இந்த ஜன்னலுக்கும் வண்டிக்கும் ரெண்டடி. சீட்டுல வண்டி நம்பர் இருக்கு. நான் எதுக்குத் தலையைத் தூக்கணும்?" தாளைத் தட்டினார். "அவ உள்ள உக்காந்திருந்திருக்கா. அந்தப் பையோட. என் பொண்டாட்டிக்கு நானே நேரம் போட்டு அனுப்பியிருக்கேன்."

வாயாடி என்ற பெயரை அன்று அந்த வாசலிலேயே கழற்றி வைத்திருக்கலாம்.

"திரும்பி வந்ததும்கூட இந்த ஜன்னல் வழியாத்தான்" என்றார் மேடம் மெதுவாக.

"ஆமா. போய்ச் சேர ரெண்டே கால் மணி நேரம். இருபது நிமிஷம் நிக்கும். திரும்ப ரெண்டே கால்." கணக்கு அவர் வாயில் தானாக வந்தது. "அவ அக்கா வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து தூரம். போய்ட்டு அதே வண்டியைப் பிடிக்க முடியாது. அவ அக்கா வீட்டுக்குப் போகவே இல்ல. அங்க இறங்கி நின்னிருப்பா. இருபது நிமிஷம். மறுபடி ஏறியிருக்கா." நிமிர்ந்தார். "ஏன்?"

"அது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்."

"வீட்ல சீட்டு எதுவும் நான் பாக்கலையே."

"நீங்க காலைல ஆறு மணிக்குத்தானே வீட்டுக்குப் போனீங்க. அவங்க ராத்திரி பத்து மணிக்கே வந்து எடுத்துட்டிருப்பாங்க. அப்புறம் இதை எழுதியிருக்காங்க. அப்போ எழுதினப்ப டீ ஆறியிருந்துச்சு. போன மாசம் எடுத்து ஒரே ஒரு வார்த்தை மாத்தி மேஜைமேல வெச்சிருக்காங்க. முதல் அத்தியாயத்தை முதல்ல படிக்கிற ஆள் யாரு?"

அவர் தாளை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"நீங்க காலைல என்கிட்ட கேட்டது சத்தமான கேள்வி சார். போக இருந்தாளான்னு. ஆமா, போனாங்க. அவங்க கேட்டது அது இல்ல. முந்தின நாள் சாயங்காலம் போனவ வீட்ல, மறுநாள் காலைல டீ எப்படி சூடா இருக்குன்னு கேட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போடவில்லை.

"அப்போ அந்தப் பை? எட்டு வருஷமா பிரிக்காம வெச்சிருந்திருக்காளே. எப்போ வேணும்னாலும் போகலாம்னுதானே?"

"இருக்கலாம்" என்றார் மேடம். பொய் சொல்லி ஆறுதல் தருவது அவருக்கு வராது. "இல்ல, பிரிச்சா அந்தப் பென்சில் டப்பாவை எங்க வைக்கிறதுன்னு தெரியாம இருந்திருக்கலாம்."

பிறகு நான்தான் கேட்டேன், வேலை விஷயம் என்பதால். "சார், நாளைக்கு அச்சுக்குப் போகுது. பதிப்பாளர்கிட்ட நிறுத்தச் சொல்லட்டுமா?"

அவர் யோசித்தார். தாளை என்னிடம் நீட்டினார். நீட்டியவர் விடவில்லை, இன்னொரு தடவை பார்த்துவிட்டு விட்டார்.

"போட்டி நடத்தட்டும். என்ன முடிவு வேணும்னாலும் எழுதட்டும். டீ மட்டும் சூடா இருக்கணும். அதை மாத்தச் சொல்லும்மா."

"சொல்றேன் சார்."

"ஒண்ணு கேக்கட்டுமா?" அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். "முப்பது வருஷமா எந்த வண்டி எப்போ வந்துச்சுன்னு கேட்டா சொல்லுவேன். அன்னிக்கு மழை. பன்னெண்டாம் நம்பர் ஏழு நிமிஷம் லேட். காலைல ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அவ டீ வெச்சிருப்பா. நான் குடிச்சிருப்பேன்." நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தார். "அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்லியேம்மா."

மேடம் அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார். நாங்கள் நடைமேடையின் பாதியைக் கடந்திருப்போம். பின்னால் ஒரு வண்டி அந்த ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. நான் மணி பார்த்தேன். நாலு நாற்பது.

டிரைவர் சீட்டை நீட்டினார். டைம்கீப்பர் வாங்கவில்லை. எழுந்து, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி என்னவோ ஏதோவென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி இருக்கை வரை பார்த்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அன்று அந்த வண்டி மூன்று நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. அதை அவர் சரியாகக் குறித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.